அமெரிக்கப் பெயர், இந்தோனேசியத் தயாரிப்பு: ஃபெண்டர் ரம்பிள் 100 பேஸ் ஆம்ப் எப்படி இருக்கிறது?

பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) வாங்க நினைக்கும் இளைஞர் ஒருவர் கோவையிலோ ஈரோட்டிலோ இரண்டு மூத்த கலைஞர்களிடம் யோசனை கேட்டால், அவர்களில் ஒருவராவது "இப்ப வர்றதெல்லாம் சைனா மாலுங்க, அந்தக் காலத்து அமெரிக்கன் ஆம்ப் மாதிரி வருமுங்களா" என்று சொல்லிவிடுவார். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது எவ்வளவு என்பதைக் கையில் இருக்கும் ஓர் ஆம்ப்பை வைத்துப் பார்ப்பதே இந்த மதிப்புரை. எடுத்துக்கொண்டது ஃபெண்டர் நிறுவனத்தின் ரம்பிள் 100. என்னிடம் இருக்கும் ஆம்ப்பின் பின்பக்கத்தில், இந்தோனேசியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் நிறுவனத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வார இறுதிகளிலும் நோம்பி (கோயில் திருவிழா) காலங்களிலும் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வெளிநாட்டு முதலாளியின் பெயரில் உள்ளூரில் பொருள் செய்வது என்றால் என்ன என்பதை அந்த வேலை எனக்குத் தினமும் காட்டுகிறது என்பதால்தான் இந்த விஷயத்தில் எழுதத் துணிகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ரம்பிள் 100 என்பது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்த காம்போ வகை. 100 வாட் திறன், 12 இன்ச் எமினென்ஸ் ஸ்பீக்கர் ஒன்று, பேஸ், லோ-மிட், ஹை-மிட், டிரெபிள் என்று நான்கு டோன் கட்டுப்பாடுகள், தேவைப்பட்டால் ஒலியைக் கரகரப்பாக்கிக்கொள்ள ஓவர்டிரைவ், இவற்றோடு பிரைட், கான்டூர், விண்டேஜ் என்ற மூன்று பொத்தான்கள். மிக்ஸருக்கு நேராகக் கொடுக்க எக்ஸ்எல்ஆர் லைன் அவுட்டும், வீட்டில் சத்தமில்லாமல் பழக ஹெட்போன் துளையும் உண்டு. எடை ஏறத்தாழ 10 கிலோதான். பேஸ் ஆம்ப் தூக்கிப் பழகியவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். இரவு கச்சேரி முடிந்து, மேடையின் பின்புறம் பலகைப் படியில் இறங்கி, கேபிள் சுற்றிக் கிடக்கும் மண் தரையில் நடந்து ஆம்னி வேன் வரைக்கும் ஒற்றைக் கையில் கொண்டுபோய்விடலாம்.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியான ஈ (E), விரல் வைக்காமல் திறந்த நிலையில் அடித்தால், ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து கம்பி கிட்டாரின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரும் இந்த அளவுப் பெட்டியும் எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் அந்த அடித்தள அதிர்வை முழு வலுவோடு தர இயலாது. அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தெளிவாகத் தந்தால், காது மீதியைத் தானே சேர்த்துக்கொள்ளும். ரம்பிள் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பேஸ் திருகை நடுவிலேயே விட்டுவிட்டு லோ-மிட்டைச் சற்றுக் கூட்டினால், எண்பதுகளின் திரைப்பாடல்களில் தனியாக நடந்து போகும் அந்த உருண்டையான பேஸ் ஒலிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. விண்டேஜ் பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய வால்வ் ஆம்ப்பின் இதமான அழுத்தம் கொஞ்சம் கிடைக்கும். மெதுவான பாடல்களுக்கு நான் அதைப் போட்டே வைத்திருக்கிறேன். கான்டூர் என்பது நடு அலைவரிசையைக் குறைத்து மேலையும் கீழையும் தூக்குவது. கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது அது காதுக்கு இனிக்கும். ஆனால் டோலக்கும் ரிதம் பேடும் இரண்டு கீபோர்டும் சேர்ந்து ஒலிக்கும் மேடையில் பேஸைத் தனியே கேட்க வைப்பது அந்த நடு அலைவரிசைதான் என்பதால், கான்டூரை அங்கே அணைத்துவிடுவதே நல்லது.

100 வாட் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மண்டபத்தில், சர்ச்சில், பயிற்சி அறையில் போதும். திறந்தவெளி நோம்பி மேடையில், கூட்டத்துக்குக் கேட்க வைக்கப் போதாது. அந்த வேலையைச் செய்ய வேண்டியது மைக்செட்காரரின் பெரிய பெட்டிகள். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும் என்பதால், 200 வாட் ஆம்ப் வாங்கியும் அந்தக் குறை தீராது. லைன் அவுட்டை மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டு, ஆம்ப்பை நமக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்கும்படி வைத்துக்கொள்வதே சரியான முறை. லைன் அவுட்டில் கிரவுண்டைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் இருக்கிறது. மிக்ஸருக்கு ஒரு மின்இணைப்பு, மேடைக்கு வேறு மின்இணைப்பு என்று இழுத்திருக்கும் இடங்களில் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது அடக்கிவிடுகிறது.

இனி, வெளிநாட்டில் செய்வதால் தரம் போய்விட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஃபெண்டரின் கதையே இதற்கு நல்ல பாடம். 1951இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், அதற்குத் துணையாக 1952இல் பேஸ்மேன் ஆம்ப்பைக் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் செய்தார். 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஊடக நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் பொருளின் தரம் இறங்கியது என்பது உலகெங்கும் வாசிப்பவர்கள் சொல்லும் குறை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இறக்கம் நடந்தபோது தொழிற்சாலை அதே ஃபுல்லர்டனில்தான் இருந்தது. தொழிலாளரும் அமெரிக்கர், முகவரியும் அமெரிக்கா. மாறியது முதலாளியின் கணக்கு மட்டும். 1985இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் நிறுவனத்தின் நிர்வாகிகளே அதைத் திரும்ப வாங்கியபோது, பழைய தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கலிபோர்னியாவின் கொரோனா நகரில் புதிய தொழிற்சாலை எழும் வரை, ஃபெண்டர் பெயரைக் காப்பாற்றியவை பெரும்பாலும் ஜப்பானில் செய்த கிட்டார்கள். அந்த ஜப்பானியக் கிட்டார்களை இன்றைக்குத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1987இல் மெக்சிகோவின் என்செனாடாவில் இன்னொரு தொழிற்சாலை வந்தது. ஆசியாவுக்கு உற்பத்தி போனது நேற்று நடந்த செய்தி அல்ல.

பேஸ் ஆம்ப்புக்குப் பெயர்போன ஆம்பெக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வரலாறு இன்னும் நீளமானது. எவரெட் ஹல் 1940களில் தொடங்கிய அந்த நிறுவனம், 1969இல் 300 வாட்டும் 14 வால்வும் கொண்ட எஸ்விடி என்ற ஹெட்டை (ஸ்பீக்கர் சேராத தனி ஆம்ப்பை) வெளியிட்டது. பெரிய மேடைகளில் பேஸ் ஒலி என்றால் இன்றும் அதுதான் அளவுகோல். அதற்குப் பின் நிறுவனம் பல கைகள் மாறி, 1986இல் செயின்ட் லூயிஸ் மியூசிக் நிறுவனத்திடமும், 2005இல் லவுட் டெக்னாலஜீஸிடமும், 2018இல் யமஹாவின் கிட்டார் பிரிவிடமும் சென்றது. லவுட் காலத்தில் உற்பத்தி ஆசியாவுக்குப் போய், எஸ்விடி ஹெட்கள் வியட்நாமிலிருந்து வரத் தொடங்கின. "அசல் போய்விட்டது" என்ற குரல் அப்போதுதான் பலமாக எழுந்தது. நியாயமான கவலைதான்; ஆனால் வியட்நாம் தொழிலாளி கையில் திறமை இல்லை என்று அதற்குக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். திருப்பூரில் ஒரே தையல் வரிசையில், ஒரே டெய்லர்கள், இந்த வாரம் ஐரோப்பிய பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவருக்கு 180 ஜிஎஸ்எம் கனமுள்ள, நன்கு சீவிய கோம்ப்டு நூல் துணியில் டி-ஷர்ட் தைப்பார்கள். அடுத்த வாரம் விலையை மட்டுமே பேசிய வேறொரு பையருக்கு அதைவிட மெல்லிய 140 ஜிஎஸ்எம், அவ்வளவு சீவாத கார்டட் நூல் துணியில் தைப்பார்கள். இரண்டின் கழுத்திலும் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்ற அதே லேபிள்தான் இருக்கும். முதல் பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டில் தோள்பட்டை டேப், தையலின் அடர்த்தி, துவைத்த பின் எவ்வளவு சுருங்கலாம் என்பது வரை எழுதியிருக்கும், ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்று வைத்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தன் ஆளை அனுப்புவார். அளவுக்கு மேல் குறை வந்தால் லாட் (ஒரே தடவையில் செய்த சரக்கு) முழுவதும் திரும்பும். இரண்டாமவர் பெட்டி எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார். துணி இரண்டு துவைப்பில் முறுக்கிக்கொண்டால், வாங்கியவர் இந்தியத் துணி மோசம் என்று பேசுவார். எந்தப் பழியை நம் ஊர் தையல் வரிசை தகுதியில்லாமல் சுமக்கிறதோ, அதே பழியைத்தான் இந்தோனேசியாவின் ஆம்ப் தொழிற்சாலையும் சுமக்கிறது. என் ரம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அதன் பையர் எழுதிக் கொடுத்த ஸ்பெக் ஒழுங்கானது என்பது தெரிந்தது. முனைகளில் ரெக்சின் ஒட்டிய மடிப்பு ஒன்றோடொன்று நேராகச் சேர்கிறது. கிரில் துணி நான்கு பக்கமும் ஒரே இழுவிசையில் நிற்கிறது. திருகுகள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் சுழல்கின்றன. என் தொழிலில் இவற்றைத்தான் முதலில் பார்ப்போம், ஏனென்றால் வெளியே தெரியும் மடிப்பில் கவனம் வைக்காத வரிசை உள்ளே தெரியாத தையலில் கவனம் வைத்திருக்காது.

ஆனால் தூரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வடிவமைத்தவரின் மேசையும் பொருள் பூட்டப்படும் மேசையும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தில், ஒரு ஜாக் சரியாக உட்காரவில்லை என்றால் தொழிலாளி நடந்துபோய்ச் சொல்லிவிடுவார். மறுநாள் வரைபடம் திருத்தப்படும். இப்போது அந்தச் செய்தி ஒப்பந்தத் தொழிற்சாலையின் மேலாளர், வணிக அலுவலகம், தலைமையகம் என்று ஏறி இறங்கி வருவதற்குள் லாட் கப்பலேறிவிடும். திருப்பூரில் பையரின் சொந்த அலுவலகம் இருக்கும் ஆர்டரும், மின்னஞ்சலில் மட்டும் நடக்கும் ஆர்டரும் எப்படி வேறுபடும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தரம் என்று பேசும்போது நாம் கலந்துவிடும் இன்னொன்று, காலத்தின் மாற்றம். ஆம்ப் உற்பத்தி ஆசியாவுக்குப் போன அதே ஆண்டுகளில், மின்னணுத் தொழிலே உள்ளுக்குள் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், சால்டரிங்கில் காரீயம் போய், வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்த கலவை வந்தது. பழைய கலவை 183 டிகிரியில் உருகும். புதியது ஏறத்தாழ 217 டிகிரி கேட்கும். வெப்பம் சற்றே குறைந்தாலும் பற்று முழுமையாகப் பிடிக்காது, மேலும் அது பழையதைவிட விறைப்பானது. ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் மணிக்கணக்கில் அதிரும் காம்போ ஆம்ப்பில், கனமான உறுப்புகளின் கால்களில் இந்தப் பற்று விரிசல் விடுவது அந்த மாற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் பல வகைக் கருவிகளிலும் இருந்த பிரச்சினை; அமெரிக்காவில் பூட்டியிருந்தாலும் இருந்திருக்கும். அதே காலத்தில்தான் கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக எஸ்எம்பிஎஸ் என்ற எடை குறைந்த மின்வழங்கியும், அதிகம் சூடேறாமல் ஒலியைப் பெருக்கும் கிளாஸ்-டி ஆம்ப் போர்டுகளும் பேஸ் ஆம்ப்புக்குள் வந்தன. எஸ்விடி ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல் இருக்கும். இன்று 500 வாட் கிளாஸ்-டி ஹெட் 3 கிலோவுக்குள் தோள்பையில் அடங்கிவிடுகிறது. இந்த மாற்றம் எந்த நாட்டுக்கும் உரியதல்ல. இதன் பலனையும் பாதிப்பையும் சீனா மேல் ஏற்றுவதுதான் பழைய கலைஞர்கள் பேச்சில் நான் காணும் பிழை.

பாதிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கோவை காந்திபுரத்துப் பக்கம் ஒரு ரிப்பேர் மேசையில் நேராகப் பார்க்க முடிந்தது. அன்று அங்கே இரண்டு ஆம்ப்கள் திறந்து கிடந்தன. ஒன்று, எங்கள் குழுவின் மூத்த பேஸ் கலைஞருடையது. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில் செய்யப்பட்ட, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பழைய பீவி காம்போ. ஹார்ட்லி பீவி 1965இல் தொடங்கிய அந்த நிறுவனம், சாதாரணக் கலைஞர் வாங்கும் விலையில் உடையாத பொருள் செய்வது என்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தது. அதன் உற்பத்தியில் பெரும்பகுதியும் பிற்காலத்தில் சீனாவுக்குப் போய்விட்டது. மற்றொன்று என்னிடம் இருந்த ஒரு சிறிய கிளாஸ்-டி ஹெட். அது வேறு நிறுவனத்தின் தயாரிப்பு, பெயர் இங்கே வேண்டாம். ஒரு நோம்பியில் ஜெனரேட்டரின் நியூட்ரல் ஒயர் கழன்றுபோய், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட வெகுவாகக் கூடுதலாக ஏறியதில் இரண்டு ஆம்ப்களும் ஒரே இரவில் நின்றுபோயின.

பீவியின் உள்ளே நிறைய இடம் இருந்தது. கைவிரல் நுழையும்படி அகலமான போர்டு, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் ரெசிஸ்டர்கள், நட்டுப் போட்டுச் சேஸிஸில் இறுக்கிய ஜாக்குகள், பெரிய ஹீட்சிங்க்கில் வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்கள். ஃபியூஸும் போய், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுற்றும் கருகியிருந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கோவையில் இது ஒரு பிரச்சினையே அல்ல. கணபதியில் ஒரு வைண்டிங் பட்டறையில் பழைய சுற்றை எண்ணிப் பிரித்து, அதே கேஜ் கம்பியில் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிளாக் விடோ ஸ்பீக்கரிலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: கோன் கிழிந்தாலோ வாய்ஸ் காயில் எரிந்தாலோ, காந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கோனும் கூடையும் சேர்ந்த முன்பகுதியை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம். அந்தக் காலத்தில் அப்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

என் ஹெட்டைத் திறந்தபோது காட்சியே வேறு. உள்ளங்கை அகலப் போர்டில் கண்ணுக்கு எட்டாத அளவில் உறுப்புகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன; மின்வழங்கியின் முகப்பில் இருந்த பெரிய கெப்பாசிட்டர் வெடித்து, அதன் பசை பக்கத்துச் சுற்றுகள் மேல் படிந்து காய்ந்திருந்தது. 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக (டிசி) மாற்றினாலே 325 வோல்ட் வந்துவிடும். அந்த அளவுக்கென்று வைத்த கெப்பாசிட்டர், நியூட்ரல் போன இரவில் தாங்காது. மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இதுல கை வெக்கறதுக்கு எடமே இல்ல. போர்டையே மாத்தோணும்" என்றார். "போர்டு கெடைக்குமுங்களாண்ணா?" என்று கேட்டதற்கு, "கம்பெனில கேட்டுப் பாரு. எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். கேட்டுப் பார்த்தேன். அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, மாற்றுப் போர்டு தருவதில்லை என்று பதில் வந்தது. சுற்று வரைபடமாவது தாருங்கள் என்ற வேண்டுகோளுக்குப் பதிலே வரவில்லை. ஒலியில் எந்தக் குறையும் சொல்ல முடியாத, வாசித்தவர்கள் எல்லோரும் பாராட்டிய ஓர் ஆம்ப், ஒரு கெப்பாசிட்டரும் அதைச் சுற்றிச் சில உறுப்புகளும் போனதால் குப்பைக்குப் போனது. இதைத்தான் தரக்குறைவு என்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் கோபப்பட வேண்டும்.

வெளிநாட்டு ஒப்பந்த உற்பத்திக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. சொந்தத் தொழிற்சாலை வைத்திருந்தவர், நேற்றுச் செய்த போர்டை நாளைக்கும் செய்ய முடியும். அலமாரியில் உதிரியும் இருக்கும், அதைத் தெரிந்த ஆளும் இருப்பார். ஒப்பந்தத்தில் செய்விப்பவர் லாட் கணக்கில் வாங்குகிறார். அந்த லாட் தீர்ந்தபின் அதே போர்டில் சிறிதளவு செய்து கொடு என்றால் எந்தத் தொழிற்சாலையும் வரிசையை நிறுத்தி அதை எடுத்துக்கொள்ளாது. உதிரிக்கென்று கூடுதலாக ஒரு பங்கு போர்டுகளை முதல் ஆர்டரிலேயே சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். அந்தச் செலவை எந்தக் கணக்காளரும் விரும்புவதில்லை. செய்தவர் கை தேர்ந்ததா என்பதைவிட, செய்வித்தவர் விற்ற பிறகும் பொறுப்பில் நிற்கிறாரா என்பதே எனக்குத் தரத்தின் அளவு.

"அப்படியானால் முழுக்க அமெரிக்காவில் செய்ததையே வாங்கிவிடலாமே" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் பூட்டிய வால்வ் ஆம்ப்பின் உள்ளே இருக்கும் வால்வ் இன்று பெரும்பாலும் ரஷ்யாவின் சராடோவிலிருந்தோ, ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ஆலையிலிருந்தோ, சீனாவிலிருந்தோ வந்தது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் தன் வால்வ் ஆலையை 1976இலேயே மூடிவிட்டது. இங்கிலாந்தின் பெருமையாகச் சொல்லப்படும் செலஸ்டியன் ஸ்பீக்கர் நிறுவனம் 1992 முதல் ஹாங்காங்கின் கோல்ட் பீக் குழுமத்துக்குச் சொந்தம், அதன் பல மாடல்கள் சீனாவில் செய்யப்படுகின்றன. அவற்றைக் கெட்ட ஸ்பீக்கர் என்று யாரும் சொல்வதில்லை. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்ப்பைச் செய்தபோது, ஃபெண்டர் பேஸ்மேனின் சுற்றையே எடுத்து, அங்கே கிடைத்த உறுப்புகளைப் போட்டார். அதிலிருந்து வேறொரு ஒலி பிறந்தது, அதுவும் உலகை ஆண்டது. சுற்று ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போவது அதைக் கெடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

பழைய அமெரிக்க ஆம்ப்பை செகண்ட்ஹேண்டில் தேடுபவர்கள் ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். இதை எத்தனை அழுத்தமாகச் சொன்னாலும் தகும். அங்கே மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று சிக்கனமாகக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். அதைவிட முக்கியம், அறுபதுகளின் ஆம்ப்கள் பலவற்றில் எர்த் பின் இல்லாத இரண்டு பின் ஒயரும், மின்சாரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் பழுதாகி ஷார்ட் ஆனால், கிட்டாரின் கம்பியிலேயே மின்சாரம் வந்து நிற்கும். பாடிக்கொண்டே வாசிப்பவரின் உதடு எர்த் ஆன மைக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஈர மண்ணில் கம்பி நட்டு எர்த் என்று சொல்லிவிடும் நம் நோம்பி மேடைகளில் அந்த ஆம்ப்பை, மூன்று பின் ஒயர் மாற்றி அந்தக் கெப்பாசிட்டரை எடுக்காமல் ஏற்றவே கூடாது. இந்தப் பாதுகாப்பு விஷயத்தில் இன்றைய ஆசியத் தயாரிப்புகள் பழையவற்றைவிட மிகவும் மேல். எர்த்தோடு கூடிய மூன்று பின் இணைப்பு, ஷார்ட் ஆனால் தானே நின்றுகொள்ளும் ஏற்பாடு இவையெல்லாம் விலை குறைந்த ஆம்ப்பிலும் இன்று சாதாரணமாகிவிட்டன.

ரம்பிள் 100ஐ வாங்கலாமா என்றால், வாங்கலாம். வீட்டில் பழகுபவருக்கும், சர்ச்சிலும் மண்டபத்திலும் வாசிப்பவருக்கும், மிக்ஸர் வசதியுள்ள மெல்லிசைக் குழுவுக்கும் இது முழுத் திருப்தி தரும். மிக்ஸர் இல்லாமல் ஆம்ப்பை மட்டும் நம்பித் திறந்தவெளியில் வாசிப்பவருக்கும், ஐந்து கம்பி கிட்டாரின் பி கம்பியை அதிகம் பயன்படுத்துபவருக்கும் இதே வரிசையில் இரண்டு 10 இன்ச் ஸ்பீக்கர் கொண்ட ரம்பிள் 500 பொருந்தும். ஆனால் ஏறத்தாழ 16.5 கிலோவைத் தூக்கத் தயாராக இருக்க வேண்டும். முதல் தடவையாக ஆம்ப் வாங்கும் மாணவருக்கு ரம்பிள் 40 போதும்.

கடையில் வாங்கும்போது சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கிட்டார் ஒயரைச் செருகியபின் ஜாக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் வேறு பெட்டி எடுக்கச் சொல்லுங்கள். திறந்த ஈ கம்பியை அடித்து, ஒலியை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், பெட்டியின் எந்த மூலையிலாவது சடசடப்பு எழுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு பெட்டி இருந்தால் இரண்டையும் வாசித்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்; லாட்டுக்கு லாட் வேறுபாடு எந்தத் தொழிற்சாலையிலும் உண்டு. மின்வழங்கி போர்டு தனியாகக் கிடைக்குமா, இந்தியாவில் யார் சர்வீஸ் செய்கிறார்கள், வாரண்டி எத்தனை ஆண்டு என்பதை வாயால் கேட்காமல் பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் நமக்குப் பதில் எழுதத் தயங்கினாலும், கோவையிலிருந்தும் சேலத்திலிருந்தும் இதே கேள்வி தொடர்ந்து போனால் இறக்குமதியாளர் அடுத்த ஆர்டரில் உதிரி போர்டையும் சேர்த்து வரவழைப்பார். பனியன் தொழிலில் பையர்கள் கேட்டுக் கேட்டுத்தான் துணியில் பல நல்ல மாற்றங்கள் வந்தன. ஜெனரேட்டரில் வாசிப்பவர்கள் ஓவர்-வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் ஒன்றை ஆம்ப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மேடையேறியதும் ஒயரைச் செருகும் முன் மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்து, 250க்கு மேல் காட்டினால் ஜெனரேட்டர்காரரை அழைத்து நியூட்ரலை இறுக்கச் சொல்லுங்கள்.